நானூறு கிராம் காய்கறியை யார் நறுக்குவது?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிகளைத் திருத்தி 2024 மே மாதம் வெளியிட்டது. மொத்தம் 17 நெறிகள். நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 விழுக்காட்டுக்குத் தவறான உணவுமுறையே காரணம் என்பது அதில் உள்ள மதிப்பீடு. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருடைய தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் கிராம் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள்: தானியம் 250, பருப்பு 85, பழம் 100, பால் 300 மில்லி. காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம்.

ஊட்டச்சத்து நோக்கில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 400 கிராமைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனால்தான் கணக்கு உதைக்கிறது. வீட்டில் இரண்டு பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் குறைத்தே போட்டாலும் தினமும் ஒன்றேகால் கிலோ காய்கறி வேண்டும். காம்பும் தோலும் நாரும் கழித்த பிறகு இந்த எடை. ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடிக்க அரை மணி நேரம் போய்விடும். அவரைக்காய்க்கு இரண்டு பக்கமும் நார் உரிக்க வேண்டும். வாழைப்பூ என்றால் ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கள்ளன் எடுத்து, கறுத்துப்போகாமல் மோரில் போட்டு, கறை பிடித்த விரலோடு அலுவலகத்துக்கு ஓட வேண்டும். சத்துள்ளது என்று டாக்டரும் பத்திரிகையும் சிபாரிசு செய்கிற காய், கீரை, சிறுதானியம், முளைகட்டிய பயறு எல்லாம் பெரும்பாலும் கைவேலை கூடியவை. உருளைக்கிழங்கில் இந்தத் தொல்லை குறைவு. நூடுல்ஸ் பாக்கெட்டில் அறவே கிடையாது.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இந்த இடத்தில் ஏராளமான ஆலோசனைகள் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான பட்டியலைப் போடுங்கள். இரவே காய் நறுக்கி டப்பாவில் வையுங்கள். தொக்கும் பொடியும் இருப்பு வையுங்கள். எதுவும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் எல்லாமே ஒரே ஆளின் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே ஆளின் இரவையும்தான் கேட்கின்றன. ‘சமாளிப்பது எப்படி’ என்று தொடங்கும் பேச்சு, நல்ல சாப்பாட்டை அம்மாவின் சாமர்த்தியமாக மாற்றிவிடுகிறது. நம் வீடுகளில் நல்ல உணவு தவறிப்போவதற்கு அறியாமையைவிட நேரமின்மையே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த நேரத்தை இதுவரை யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தமிழ்நாடு பொருத்தமான இடம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் இங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் மக்கள் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அறிய 1998-99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. தமிழ்நாடு அதில் ஒன்று. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019இல்தான் வந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையில் கைவைத்தவர்களே 26 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுடைய நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆண்களுடைய நேரமும் 88 நிமிடமாக இறங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகளில், நடுவில் பெருந்தொற்று வந்து ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டுப்போன பிறகும், 202 நிமிட இடைவெளி 201 நிமிடமாகியிருக்கிறது! அதே காலத்தில் 15 முதல் 59 வயதுவரையான பெண்களில் சம்பள வேலை, தொழில் என்று ஈடுபட்டவர்கள் 21.8 விழுக்காட்டிலிருந்து 25 ஆக உயர்ந்திருக்கிறார்கள். வெளிவேலை கூடியிருக்கிறது, வீட்டுவேலை கைமாறவில்லை.

அந்தப் பத்து நிமிடம் எப்படிக் குறைந்தது என்று கணக்கெடுப்பு சொல்லவில்லை. குழாய்த் தண்ணீர், எரிவாயு, மிக்சி என்று ஊகிக்கலாம். இயந்திரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், சலவை இயந்திரமும் அடுப்பும் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார். இயந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது என்பது அவருடைய விளக்கத்தில் முக்கியமான பகுதி. வாரம் ஒருமுறை துவைத்தவர்கள் தினமும் துவைக்க ஆரம்பித்தார்கள்.

நமக்கு இதைப் புரியவைக்க கிரைண்டர் ஒன்று போதும். கோயம்புத்தூர்க்காரரான பி. சபாபதி 1955இல் மின்சார கிரைண்டரை உருவாக்கினார். பின்னாளில் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தைத் தொடங்கியபோது, ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைக்கும் வேலை ஏழை வீடுகளிலிருந்தும் விடைபெற்றது. தோள்பட்டைக்குக் கிடைத்த அந்த விடுதலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் கிராமத்து வீடுகளில் தீபாவளிக்கும் விருந்தாளி வரும்போதும் மட்டுமே செய்த பலகாரம் இட்லி. கிரைண்டர் வந்த பிறகு அது அன்றாட டிபனாயிற்று. கூடவே சட்னி, சாம்பார், சின்னவனுக்குப் பொடி தோசை. பழைய சோற்றில் மோரை ஊற்றி வெங்காயம் கடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிய வீட்டில் காலைச் சமையல் என்ற ஒன்றே இருந்ததில்லை. மிச்சம் பிடித்த நேரத்தைப் புதிய பலகாரம் எடுத்துக்கொண்டது. இன்றைக்குத் தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறது. அதை அரைத்துக் கொடுப்பவரும் பல தெருக்களில் வீட்டிலிருந்தபடி தொழில் செய்யும் இன்னொரு பெண்தான். இந்தக் கைமாற்றத்தைப் பின்னாலும் பார்ப்போம்.

கைவேலையை நிமிடத்தில் அளக்கலாம். தலைக்குள் ஓடுவதை அளப்பது கடினம். ஹார்வர்டில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019இல் வெளியிட்ட கட்டுரை 35 தம்பதிகளிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து எழுதப்பட்டது. வீட்டு நிர்வாகத்தில் மூளை செய்யும் வேலையை அவர் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவர்கள் கூட இருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவிகளின் தலையிலேயே இருந்தன.

அமெரிக்கத் தம்பதிகளைப் பார்த்து எழுதியதானாலும், தமிழ்ச் சமையலுக்கு இது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நம்முடைய நல்ல உணவெல்லாம் முந்தைய நாளே தொடங்குகிறது. திங்கட்கிழமை காலை இட்லிக்கு ஞாயிறு மதியம் உளுந்து ஊற வேண்டும், மாலையில் அரைபட வேண்டும், இரவில் புளிக்க வேண்டும். சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை ராத்திரி படுக்குமுன் தண்ணீரில் போட வேண்டும். பச்சைப்பயறு முளைகட்ட ஒன்றரை நாள். ஞாயிற்றுக்கிழமை கணவர் தோசை சுட்டுப் போடுகிறார் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் இப்போது நிறைய, சந்தோஷம். அந்த மாவுக்கு உளுந்து ஊறப்போட வேண்டும் என்று முந்தைய நாள் நினைத்தது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். “நாளைக்கு என்ன பண்ணட்டும்?” என்று மனைவி கேட்கிறாள்; “ஏதாவது பண்ணு” என்கிறார் கணவர். அவர் அதை விட்டுக்கொடுத்தலாக நினைக்கிறார். கேட்டவளுக்கு அந்த வேலை போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

நேரக் கணக்கெடுப்பில் நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து விவரம் கேட்கிறார்கள். வீட்டைத் திட்டமிடுதல் என்று வகைப்பாட்டில் ஒரு தலைப்பும் இருக்கிறது. ஆனால் தாம்பரம் வண்டியில் நின்றபடி வெண்டைக்காய் இருக்கிறதா, பிள்ளைக்கு இருமல் இருக்கிறதே, தயிர்சாதம் வேண்டாம் என்று யோசிக்கும் அரைமணி ‘பயணம்’ என்றுதான் பதிவாகும். 289 நிமிடத்தில் இது அடங்கவில்லை.

டிபன் பாக்ஸ் விஷயத்தில் வேறொன்றும் சேர்கிறது. மானுடவியலாளர் ஆன் ஆலிசன் 1991இல் ஜப்பானியத் தாய்மார்களின் ‘ஒபெண்டோ’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மழலையர் பள்ளிக்குக் குழந்தை எடுத்துப்போகும் அந்த மதிய உணவுப் பெட்டியை அழகாக அடுக்குவதும், குழந்தை அதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதும் தாயின் தகுதிக்கு அடையாளமாகப் பார்க்கப்பட்டன. உணவுப் பெட்டி வழியாகப் பள்ளி தாயையும் பழக்குகிறது என்பது அவருடைய வாதம். நம்மூர்த் தனியார் பள்ளி எதிலாவது பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். திங்கள் கீரைசாதம், செவ்வாய் பயறு, புதன் சப்பாத்தி என்று டைரியில் அச்சடித்தே வருகிறது. காலை இடைவேளைக்குப் பழம், மதியத்துக்குச் சாப்பாடு, மாலை வகுப்பு இருந்தால் இன்னொரு டப்பா. சாயங்காலம் பை திறந்ததும் முதலில் சோதனையாவது அந்த டப்பாக்கள்தான். மிச்சம் இருந்தால் அம்மாவுக்கு மார்க் குறைவு. பள்ளி நல்ல நோக்கத்தோடுதான் எழுதுகிறது. அதை நிறைவேற்றும் ஆள் எட்டு மணிக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

இதே தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் நூறாண்டாக இருக்கிறது. 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. 1956இல் காமராசர் மாநில அளவில் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கருணாநிதி ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் ஆரம்பமாகி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் என்று பட்டியல்.

இந்த வரலாற்றைப் பசி, வருகைப் பதிவு, கல்வி என்ற மூன்று சொற்களால்தான் வழக்கமாகச் சொல்கிறோம். அம்மாவின் பக்கத்திலிருந்தும் சொல்லலாம். காலையில் ஏழரை மணிக்குத் தறிக்கோ பின்னலாடைக் கம்பெனிக்கோ நூறுநாள் வேலைக்கோ போகிறவளுக்கு, பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாட்டை அரசு ஏற்றுக்கொள்வது எந்தச் சமையல் குறிப்பும் தராத உதவி. அதன் பலன் ஒரு தலைமுறையோடு நிற்கவும் இல்லை. சுமன் சக்ரவர்த்தியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பள்ளிகளில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் பின்னாளில் பெற்ற குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அந்தக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தார்கள். இன்றைய தாய் என்ன சமைக்கிறாள் என்பதோடு, அவள் சிறுமியாக இருந்தபோது அவளுக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்பதும் பிள்ளையின் உடம்பில் தெரிகிறது. ‘ஆரோக்கியமான உணவுக்கு அம்மாவே பொறுப்பு’ என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஏழைகளின் திட்டம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டதால் நடுத்தர வர்க்கம் இதைக் கேட்பதும் இல்லை. பின்லாந்தில் 1940களிலிருந்து பள்ளிப்பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு. அங்கே டாக்டரின் பிள்ளையும் டிரைவரின் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டு எடுக்கிறார்கள். இரண்டு அம்மாக்களும் காலையில் டப்பா கட்டுவதில்லை. நம்முடைய நடுத்தர வர்க்கம் கண்ட தீர்வு வேறு: முடிந்தால் பாட்டி, வசதி இருந்தால் சமையல் அக்கா. அம்மா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்ப்பதை ஊட்டச்சத்துத் திட்டமாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறுபது வயதில் முழங்கால் வலியோடு பேரனுக்குக் கீரை மசித்துக்கொண்டிருப்பவர் ஒரு காலத்தில் அதே வேலையைத் தன் பிள்ளைகளுக்கும் செய்தவர். சமையல் அக்கா மூன்று வீட்டில் சமைத்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். சமையல் நேரம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம் போகிறது.

வேலையிடம் என்ன செய்கிறது? முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி 26 வார விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதியும் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 26 வாரம் அதற்குச் சரியாக வருவதுபோல் தோன்றும். அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எட்டையும் எடுத்தவளுக்குக் குழந்தையோடு மிஞ்சுவது 18 வாரம், நாலு மாதத்துக்குச் சற்று மேல். அதனால்தான் நிறைமாத வயிற்றோடு கடைசி வாரம்வரை வேலைக்கு வருகிறார்கள். மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் கிடைக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் தைக்கிறவளுக்கு இந்தச் சட்டத்தின் காப்பகம் எட்டாது. அங்கன்வாடி எட்டும், ஆனால் அது மூடும் நேரமும் ஷிப்ட் முடியும் நேரமும் ஒன்றல்ல.

பெண்ணின் வேலையையும் குழந்தையின் வளர்ப்பையும் இரண்டு துறைகளாகப் பிரித்து வைத்ததுதான் கோளாறு என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தவர் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி 1972இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர் அவர். 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகோலிய அறிக்கைகளில் அது ஒன்று. திட்டம் வளர்ந்தது. தாயின் வேலை நேரத்துக்குக் காப்பகம் வேண்டும் என்ற பாதி அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை பேச்சிலும் ஒரு தட்டு விட்டுப்போகிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 விழுக்காட்டினருக்கு உடல் எடை அதிகம். நாலைந்து ஆண்டுக்கு முன் அது 30.9 ஆக இருந்தது. இரும்புச்சத்து போதவில்லை, மாவுச்சத்து மிஞ்சுகிறது. ஆண்களிலும் எடை கூடியிருப்பதால் எல்லாவற்றையும் சமையலறை நெருக்கடியின் மேல் போட முடியாது. ஆனால் காலையில் பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு, காபியோடு கிளம்பி, பதினொரு மணிக்கு பிஸ்கட், நாலு மணிக்கு பஜ்ஜி என்று ஓட்டும் நாள் எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடியது. பிள்ளைக்குக் கீரை போயிற்றா என்று கண்காணிக்கும் அம்மாவின் தட்டைக் கண்காணிக்க ஆள் இல்லை. ஒரு குடும்பத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தெரிய, வீட்டுப் பெண் காலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டால் போதும்.

காலை உணவுத் திட்டத்தை அடுத்து மதிப்பீடு செய்கிறவர்கள் பிள்ளைகளின் எடையோடும் வருகையோடும் இதையும் கேட்கலாம்: காலை ஐந்து முதல் எட்டு மணிவரை தாய் என்ன செய்தாள், திட்டம் வந்த பிறகு அதில் எத்தனை நிமிடம் மிச்சமாயிற்று, அந்த நேரம் தூக்கத்துக்குப் போயிற்றா, சம்பள வேலைக்கா, வீட்டின் இன்னொரு வேலைக்கா. தந்தையிடமும் அதே மூன்று மணி நேரத்தைக் கேட்க வேண்டும். பள்ளிகளில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பள்ளி திறக்கும் முன் சாம்பார் கொதித்து இறங்கியிருக்க வேண்டுமானால் அவர்கள் விடியலிலேயே வீட்டைவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். பதில் ‘மூத்த மகள்’ என்று வந்தால், முறைவைத்து மாறிவரும் அளவுக்குக் கூடுதல் சமையலர்களைப் போடுவதற்கு நிதித்துறையிடம் கேட்க ஒரு காரணம் கிடைக்கும்.